கதவில் நசுங்கிய விரல்

மணலித் தொழிற்பேட்டையில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள், முதலில் ஃபிட்டராகவும் பிறகு பராமரிப்பு மேற்பார்வையாளராகவும் வேலை பார்த்த தொழிற்சாலையில், டைம் ஆபீசை ஒட்டி ஒரு பச்சைப் பலகை இருந்தது. மேலே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே நான்கு ஆணிகள் அடித்து, தகரத்தில் வெட்டிய எண்களை அவற்றில் மாட்டியிருப்பார்கள். முதல் ஆணி எப்போதும் காலியாகவே இருந்தது. ஆயிரத்தை நாங்கள் தொட்டதில்லை. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வாட்ச்மேன் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஏறி எண்ணை மாற்றுவார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அடியில் செங்கல் துண்டு வைத்திருப்பார். பாதுகாப்புப் பலகையை மாற்ற ஆடுகிற ஸ்டூலில் ஏறுகிறாரே என்று அத்தனை ஆண்டுகளில் ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

2007 பிப்ரவரி முதல் வாரத்தில் அந்தப் பலகை 471 காட்டியது. ஐந்நூறு ஆனால் ஆளுக்கொரு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாள். 1966-இல் அதே தேதியில் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டதை ஒட்டி வருவது. எங்கள் கணக்கில் ஐந்நூறாவது நாளும் சரியாக அன்றுதான் விழுந்தது. மேடை, மாலை, குக்கர் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதில் நிர்வாகத்துக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் மகிழ்ச்சி.

இரண்டாம் ஷிப்டில், இரவு ஒன்பது மணி வாக்கில், ஒரு கன்வேயரின் செயின் பல் தாவிக்கொண்டிருந்தது. என்னைவிட ஆறு வயது இளையவரான ஒரு ஃபிட்டர், எந்தப் பல்லில் தாவுகிறது என்று பார்ப்பதற்காகச் செயினை மூடியிருந்த கார்டை, அதாவது பாதுகாப்பு உறையை, கழற்றிவிட்டு, செயின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேஸ்ட் துணியால் கிரீசைத் துடைத்தார். துணியைச் செயின் இழுத்தது. துணியோடு விரலையும் இழுத்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்து, வெளிறிய முகத்துடன் சொன்ன முதல் வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது: “அண்ணே, குக்கரு போச்சுண்ணே.”

அவரை நான் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லவில்லை. அங்கே போனால் விபத்து அறிக்கை கேட்பார்கள். அறிக்கை எழுதினால் பலகை பூச்சியத்துக்குப் போகும். யாரும் எனக்கு உத்தரவிடவில்லை. போர்மேன் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். என் வண்டியின் பின்னால் அவரை உட்கார வைத்து, காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது, அவர் வாய் திறப்பதற்குள் நானே சொன்னேன்: “வூட்டுக் கதவுல மாட்டிக்கிச்சு சார்.” டாக்டர் விரலைப் பார்த்தார், அதில் அப்பியிருந்த கறுப்புக் கிரீசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்; பிறகு ‘கதவு’ என்றே எழுதிக்கொண்டார்.

வலக்கை ஆள்காட்டி விரலில் நுனிக் கணு போயிற்று. மறுநாளே அவர் வேலைக்கு வந்தார், அல்லது வரவழைக்கப்பட்டார். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, விபத்தில் காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்த 48 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள எளிய வழி, கட்டுப்போட்ட கையோடு ஆளை வரவழைத்து, வருகை அட்டையைப் பஞ்ச் பண்ணவைத்து, டூல் ரூமில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதுதான். எட்டு நாள் அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். நாங்கள் டீ வாங்கிக் கொடுத்தோம். ஆள்காட்டி விரலில் ஒரு கணு இழப்பை நிரந்தர ஊனக் கணக்கில் 9 விழுக்காடு என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணை மதிப்பிட்டது. வேலை செய்ய முடியாத நாட்களுக்கு இன்று இ.எஸ்.ஐ. தருவது சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு. முறைப்படி பதிந்திருந்தால் அந்த 9 விழுக்காட்டுக்கான தொகை அவருக்கு ஆயுள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். ஒரு குக்கருக்காக அதை விட்டார் என்று சொல்வது சரியாகாது. தன் ஒருவனால் அறுநூறு வீட்டுக்குக் குக்கர் போயிற்று என்ற பேச்சுக்குப் பயந்து விட்டார்.

பரிசளிப்பு விழாவின் புகைப்படம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் இடக்கையால் குக்கரை அணைத்துப் பிடித்திருக்கிறார். வலக்கை குக்கருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

பாதுகாப்புப் பயிற்சி என்ற பெயரில் அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். குளிரூட்டப்பட்ட அறையில் திரையில் ஒரு முக்கோணம் தோன்றும்: உச்சியில் பெருங்காயம் 1, நடுவில் சிறுகாயம் 29, அடியில் காயமில்லாத விபத்துகள் 300. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹைன்ரிச் என்பவர் 1931-இல் வெளியிட்ட கணக்கு அது. அவரே சொன்ன இன்னொரு கணக்குதான் நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்தது: விபத்துகளில் 88 விழுக்காட்டுக்குத் தொழிலாளியின் தவறான செயலே காரணம் என்பது. அந்த முடிவுக்கு அவர் பெரிதும் ஆதாரமாகக் கொண்டவை காப்பீட்டுக் கோப்புகளும், மேற்பார்வையாளர்கள் எழுதிய விபத்து அறிக்கைகளும் என்பதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நானே மேற்பார்வையாளனாக இருந்து அறிக்கை எழுதியவன் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் கோப்பு அன்றே மூடப்படும்; ‘கார்டு வடிவமைப்பு சரியில்லை’ என்று எழுதினால் பத்துக் கூட்டங்களுக்குப் போக வேண்டும்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு போல்ட்டில் நிற்க வேண்டிய கார்டு அது. எப்போதும் இரண்டில்தான் நின்றது. ‘மனப்பான்மை சரியில்லை’ என்று எங்களைத் திட்டுவதற்குத் தோதான சான்று. ஆனால் அந்தச் செயினின் இரண்டு பேரிங்குகளுக்கும் கிரீஸ் செலுத்தும் வாயான நிப்பிள் கார்டுக்கு உள்ளே இருந்தது. ஷிப்டுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். ஆறு போல்ட்டைக் கழற்றி மாட்ட இருபது நிமிடம். அதற்காக லைனை நிறுத்தினால் போர்மேன் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆகவே இரண்டு போல்ட். ஆகவே ஓடும்போதே கிரீஸ். ஆகவே ஒருநாள் துணி. விபத்துக்கு ஓராண்டு கழித்து, ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு பழைய டர்னர், மூன்றடிச் செப்புக் குழாயை வளைத்து நிப்பிளைக் கார்டுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார். அரை நாள் வேலை. அன்று முதல் ஆறு போல்ட்டும் முறுக்கியே இருந்தன. யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை, யார் மனப்பான்மையையும் திருத்தவில்லை.

இதைச் சொன்னதும், அப்படியானால் தொழிலாளியின் நடத்தைக்குப் பொறுப்பே கிடையாதா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. வடசென்னையில் ‘ஒண்ணும் ஆவாது’ என்பது ஒரு வேதவாக்கு. எர்ணாவூரிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வண்டியில் போகிறவன் ஹெல்மெட்டைக் கைமுட்டியில் மாட்டிக்கொண்டு போவதும் அந்த வாக்கை நம்பித்தான். இருபது ஆண்டு அனுபவமுள்ளவன் அதைச் சொல்லும்போது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அவனுக்கு உண்மையிலேயே இருபது ஆண்டுகளாக ஒன்றும் ஆகியிருக்காது. கற்றுக்குட்டி பயத்தால் தப்பித்துக்கொள்வான். கைதேர்ந்தவனைத்தான் கைப்பழக்கம் இழுத்துப்போகும். ஓடும் எந்திரத்தை நெருங்கிப் பார்க்க வேண்டியிருந்தால் தனிப் பயிற்சி பெற்ற ஆள்தான் போக வேண்டும், உடம்போடு ஒட்டிய உடைதான் அணிந்திருக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொன்னது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கழுத்தில் துண்டோடுதான் வேலை செய்தார்கள். வெயிலுக்கு வேறு என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வியே.

ஆபத்து பழகிப்போவது எப்படி என்பதற்கு எங்கள் மூக்கே சான்று. மணலியிலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்தவர்கள் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்காமலே எந்த ஆலையின் நாற்றம் என்று சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு பெருமையும் உண்டு. கந்தக நாற்றம் சட்டென்று நின்றுவிட்டால் ‘சரியாப் போச்சு’ என்று நினைப்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் ஏறத்தாழ 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும், அதற்குமேல் நாற்றமே தெரியாது, உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது முப்பத்தைந்து. போபால் ஆலையிலும் கண் எரிந்தால் சிறு கசிவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. ஆனால் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அங்கே பழக்கம் மட்டும் பழுதாகவில்லை: நச்சு வேதிப்பொருளைக் குளிரூட்டும் அமைப்பை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள், கசிவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் வேலையில் இல்லை. கண் எரிச்சலைச் சகித்தவன் தொழிலாளி. குளிரூட்டியை நிறுத்தியவன் தொழிலாளி அல்லன்.

போபாலுக்குப் பிறகு 1987-இல் சட்டத்தில் சேர்த்த பிரிவுகளில் இரண்டை நாங்கள் ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கலாம். அபாயகரமான தொழிற்சாலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது 41-ஜி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்திடமும் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றது 41-எச். சொல்லத்தான் உரிமை, வேலையை நிறுத்த உரிமை என்று அதில் இருக்கவில்லை. எங்கள் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியது. முதல் பத்து நிமிடம் சென்ற கூட்டத்தின் குறிப்பு, அடுத்த நாற்பது நிமிடம் கேன்டீன் சாம்பார். 1918-இல் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்ற குறையிலிருந்து தொடங்கி, பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய ஊர் இது. சாம்பாரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூட ஆபத்தைக் குறைக்கச் சொன்ன வரியை நான் பார்த்ததில்லை. ஆபத்துக்குப் படி கேட்ட வரியைத்தான் பார்த்திருக்கிறேன்.

மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தது 2014-இல், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திய ஷட்டவுனில். ஒரு பெரிய கலனுக்குள் வெல்டிங் வேலை நடந்தது. மேன்ஹோல் வாயில் காவலுக்கு நின்றவர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி, இருபத்திரண்டு வயதுப் பையன். காலையில் வாயுச் சோதனை செய்து, உள்ளே இறங்க அனுமதிச் சீட்டான பெர்மிட் போட்டு, ஊதுகாற்று மின்விசிறி வைத்துத்தான் ஆட்கள் இறங்கினார்கள். சாப்பாட்டு வேளையில் யாரோ கிரைண்டர் ஓட்டுவதற்காக மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்கு வெல்டர்கள் திரும்பி இறங்கப் போனபோது அந்தப் பையன் மேன்ஹோலின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டான். “ஹவா பந்த், ஹவா பந்த்” (காற்று நின்றுவிட்டது) என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் போர்மேன் அவனைத் தமிழில் திட்டினார். காலையில் அவனுக்குப் பாதுகாப்பு உரையாற்றியதும் தமிழில்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

புதிதாக வந்திருந்த ஷிப்ட் இன்ஜினியர் ஓடிவந்தார். வேலை எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்று கேட்பார் என்றே எதிர்பார்த்தோம்; அதுவரை எல்லோரும் கேட்டது அதைத்தான். அவர் பையனின் தோளில் கைவைத்து, “ஃபேன் எப்போலேர்ந்து நிக்குது?” என்று கேட்டார், பிறகு அதையே இந்தியிலும் கேட்டார். மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. மீட்டர் 17.8 காட்டியது. பக்கத்துக் குழாயின் நைட்ரஜன் வால்வு மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் குழாய்க்குப் பிளைண்ட் என்ற அடைப்புத் தகடு போட்டிருக்க வேண்டும், போடவில்லை. நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனே இல்லாத இடத்தில் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான்.

அதைவிட எனக்குக் குலைநடுக்கம் தருவது அடுத்து நடந்திருக்கக்கூடியது. நம் ஊரில் ஒருவன் உள்ளே விழுந்தால் மேலே நிற்பவன் யோசிக்க மாட்டான். ‘ஐயோ மச்சான்’ என்று கூடவே குதித்துவிடுவான். கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவது இப்படித்தான். காசிமேட்டில் படகு கவிழ்ந்தால் அடுத்த படகுக்காரன் கேள்வி கேட்காமல் திரும்பி வருவானே, அதே குணம். கடலில் உயிர் காக்கும் குணம் கலனுக்குள் உயிரை எடுத்துவிடும். காவல் நிற்பவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததிலேயே கடினமான பாடம், உள்ளே எவன் விழுந்தாலும் நீ இறங்காதே, கத்து, கயிற்றை இழு என்பதுதான். தலையாட்டுவார்கள், கண்களில் சம்மதம் தெரியாது. எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த பிறகே அது அவர்கள் கைக்கு வந்தது.

அன்று மாலைக் கூட்டத்தில் அந்த இன்ஜினியர் எழுந்து, “பிளைண்ட் போடாமலேயே பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டது நான்” என்றார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், தன் பதவிக்கு மேலே இருப்பவர் முன்னால், ஓர் அதிகாரி அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பையனுக்குப் பரிசோ மேடையோ இல்லை. அவனையும் வெல்டர்களையும் கேன்டீனுக்கு அழைத்துப்போய் அவரும் உட்கார்ந்து டீ குடித்தார். அடுத்த வாரத்திலிருந்து காலை உரை தமிழிலும் இந்தியிலும் நடந்தது. ஒடியாவில் அந்தப் பையனே சொன்னான். ‘மயிரிழையில் தப்பியது’ என்று எழுதிப் போடும் பெட்டியில் மாதத்துக்கு இரண்டு சீட்டு விழுந்துகொண்டிருந்தது முப்பதாயிற்று. அதில் ஒரு சீட்டு, வாட்ச்மேனின் ஸ்டூலைப் பற்றியது. எண்ணிக்கை இப்படி ஏறுகிறதே, நிலைமை மோசமாகிவிட்டதா என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்ததும், அதற்குப் பதில் எழுத அவர் பட்ட பாடும் தனிக் கதை.

எல்லாமே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆயுத பூசைக்கு எந்திரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று ஒரு நாள் ஸ்பேனரைத் தொடாமல் கும்பிடுகிற அதே ஆள், மறுநாள் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட மறப்பான். திருஷ்டிக்கு உடைத்த பூசணிக்காயை கேட்டுக்கு வெளியே நடுரோட்டில் விட்டுவிடுவார்கள். ஓர் ஆண்டு மாலை ஷிப்டுக்கு வந்த ஒருவர் அதில் சறுக்கி விழுந்தார். கேட்டுக்கு வெளியே நடந்ததால் அது கணக்கில் வராது என்று பலகையை மாற்றவில்லை.

விரல் போன நண்பரைச் சென்ற பொங்கலுக்குப் பிறகு தேரடி அருகே அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன அவருக்கு. நாங்கள் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். விரலைப் பற்றி இருவருமே பேசவில்லை. விடைபெற்று எழுந்து நிலைக்கதவில் கைவைத்தபோது, நான்கு வயதுப் பேத்தி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“தாத்தா, கைய எடு. இந்தக் கதவு கடிக்கும். எங்க தாத்தா விரல கடிச்சிருச்சு.”

கதவு அடித்துச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, அதன் கைப்பிடியில் பழைய துணி ஒன்றைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். நண்பர் என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.